மைதானத்துக்கு வெளியே நடக்கும் ஆட்டம்



விளையாட்டுப் படம் என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கடைசி ஐந்து நிமிடம்தான். ஒரு பந்து பாக்கி, ஆறு ரன் தேவை. இல்லாவிட்டால் ஒரு ரவுண்டு பாக்கி, ஹீரோவின் புருவத்தில் ரத்தம். பின்னணி இசை சட்டென்று நின்றுபோகும். நம்ம ஹாஸ்டலில் ஏழு பேர் ஒரே செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒருத்தனும் மூச்சு விட மாட்டான். அப்புறம் ஹீரோ ஜெயிப்பான். நாம் விசில் அடிப்போம். வார்டன் வருவார். போன் தலையணைக்கு அடியில் போகும்!

நான் இந்த மலருக்கு எழுத வந்தது அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி அல்ல. எந்த விளையாட்டுப் படமாக இருந்தாலும் நடுவில் ஒரு அறை வரும், கவனித்திருக்கிறீர்களா? ஒரு மேசை, நாலு நாற்காலி, மேலே ஃபேன், டீ கிளாஸ். யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்று அங்கே நாலு பேர் பேசி முடிவு செய்வார்கள். அவர்களில் பாதிப் பேர் பந்தையே தொட்டிருக்க மாட்டார்கள். நம்மில் பலர் அந்தக் காட்சியில்தான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவோம். என்னைக் கேட்டால் அந்தக் காட்சியை ஒழுங்காகப் பார்த்தாலே முழுப் படமும் விளங்கிவிடும்.

முதலில் 'ஜீவா'வை எடுத்துக்கொள்வோம். 2014-ல் வந்த சுசீந்திரன் படம். விஷ்ணு விஷால் ஹீரோ. சென்னையில் சாதாரணக் குடும்பத்துப் பையன் கிரிக்கெட்டே உயிர் என்று வளர்கிறான். அவனோடு ஆடுகிறவன் ரஞ்சித். இரண்டு பேரும் கிளப் ஆட்டத்தில் ரன் அடித்துக் குவிக்கிறார்கள். மாநில அணிப் பட்டியல் வரும்போது மட்டும் பெயர் இருக்காது. தேர்வு செய்யும் பெரியவர் பையனைப் பாராட்டுகிற மாதிரி முதுகில் தட்டிக் கொடுப்பார். உண்மையில் அந்தக் கை, சட்டைக்குள் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது. இந்தக் காட்சிக்காகவே அந்தப் படத்தை அந்த வருடம் எல்லோரும் பேசினார்கள். தமிழ் சினிமாவில் ஒரு தேர்வுக் குழுவின் கையை அவ்வளவு கிட்டத்தில் காட்டிய படம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஜீவாவுக்கு வேறொரு வாசல் திறக்கிறது. அவன் பெரிய ஆட்டக்காரன் ஆகிறான். ஆனால் ரஞ்சித்? அவன் புறக்கணிப்பைத் தாங்க முடியாமல் பாதிப் படத்திலேயே உயிரை விட்டுவிடுகிறான். படம் முடிந்து எல்லோரும் ஜீவாவைப் பற்றிப் பேசிக்கொண்டு படுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் ரஞ்சித் ஞாபகமாகவே இருந்தது. ஜீவா ஜெயித்தது சரி, ரஞ்சித்துக்கு என்ன பதில்?

எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா அரிசி மண்டியில் லோடுமேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும். அது இல்லாத நாளில் களையெடுக்கப் போகும். எங்க ஊர்ப் பையன்களுக்கு கபடிதான் எல்லாம். பொங்கலுக்கு டியூப் லைட் கட்டி, மண் கொட்டி, ராத்திரி முழுக்க ஆட்டம் நடக்கும். சுழற்கோப்பையும் ரொக்கப் பரிசும் உண்டு. நான் பாடிப் போனால் கூட்டத்தில் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பாடியவன் நான்.

பத்தாவது படிக்கும்போது மாவட்ட அணிக்குத் தேர்வு என்று கேள்விப்பட்டு நாங்கள் மூன்று பேர் போனோம். எந்த ஊர், யார் நடத்தினார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டோம். அப்பா இருநூறு ரூபாய் கொடுத்து, "சாப்பிடாம ஆடாத தம்பி" என்று சொல்லி அனுப்பினார். பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், போட்டோ எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். எடை பார்த்தார்கள். அறுபது பேருக்கு மேல் இருப்போம். ஆளுக்கு இரண்டு ரெய்டு. முதல் ரெய்டில் ஒருத்தனைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு வந்தேன். இரண்டாவதில் போனஸ் எடுத்தேன். திருப்தியாக இருந்தது.

தண்ணீர் குடிக்க மேசைப் பக்கம் போனேன். மேசையில் ஒரு தாள், காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு தண்ணீர் பாட்டில். அதில் பன்னிரண்டு பேர்கள். வரிசை எண், அப்பா பேர், பிறந்த தேதி எல்லாம் சுத்தமாக டைப் அடித்திருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் முப்பது பையன்கள் தங்கள் இரண்டு ரெய்டுக்காக வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள்! அந்த மைதானத்தில் கரண்டே கிடையாது. மைக் செட்டுக்கே பேட்டரிதான் வைத்திருந்தார்கள். அப்படியென்றால் அந்தத் தாள் எங்கே, எப்போது டைப் ஆனது?

நான் திரும்பி வந்து கூட்டாளிகளிடம் சொன்னேன். "நம்ம பேரு இருக்காடா?" என்றான் ஒருத்தன். "யாரு பேரும் இல்லடா" என்றேன். அவன் இன்னும் ஆடவில்லை, வரிசையில் நின்றுகொண்டிருந்தான். வந்துவிடுவான் என்று நினைத்தேன். வரவில்லை. அவன் முறை வந்ததும் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாடிப் போனான். இரண்டு ரெய்டிலும் ஆள் எடுத்தான். எனக்குத் தெரிந்து அன்றைக்கு அந்த மைதானத்தில் அதைவிட நல்ல ரெய்டு யாரும் போகவில்லை. இப்போது அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். கபடியை விட்டுவிட்டான்.

அந்தப் பன்னிரண்டு பேரும் ஆடத் தெரியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. நாலைந்து பேர் என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள், அது எனக்கே தெரியும். என் கேள்வி ஒன்றுதான். பட்டியல் முதலிலேயே தயார் என்றால், எங்களை எதற்குப் பாடச் சொன்னார்கள்?

அதற்குப் பிறகு எந்த விளையாட்டுப் படம் பார்த்தாலும் என் கண் அந்தப் பட்டியலைத்தான் தேடும். யார் கையில் பட்டியல் இருக்கிறதோ அவர் கையில்தான் ஆட்டம் இருக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் நாம் ஏற்கெனவே பார்த்த படங்களே வேறு மாதிரி தெரியும்.

2024-ல் வந்த 'லப்பர் பந்து' பார்த்திருப்பீர்கள். தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. அதில் ரஞ்சிக் கோப்பை இல்லை, வாரியம் இல்லை, சம்பளம் இல்லை. ஊர்ப் பையன்கள் ரப்பர் பந்தில் ஆடும் ஆட்டம். ஆனாலும் அன்பு என்கிற ஆட்டக்காரன் தன் ஊர் அணியில் நிரந்தரமாகச் சேர முடியாது. காரணம் அவன் சாதி. பக்கத்து ஊர் அணிகளுக்கு கெஸ்ட் பிளேயராகப் போய் ஜெயித்துக் கொடுப்பான், சொந்த ஊர் டீமில் இடம் கிடையாது. 'கெத்து' தினேஷ் அடிக்கும் சிக்ஸருக்கு நாம் எல்லோரும் கை தட்டினோம். எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது இது: பணமும் பதவியும் இல்லாத இடத்தில்கூட ஒரு பட்டியல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒருத்தன் இன்னொருத்தனை வெளியே நிற்க வைக்கிறான். டெல்லியில் இருக்கும் பெரிய சம்மேளனத்தைத் திட்டுவது சுலபம். நம்ம தெரு டீமில் யாரைச் சேர்க்கவில்லை என்று கேட்பதுதான் கஷ்டம்.

இனி பெரிய இடத்துக்குப் போவோம். 'சார்பட்டா பரம்பரை', பா. ரஞ்சித் இயக்கி 2021-ல் வந்தது. வடசென்னையில் சார்பட்டா, இடியப்பப் பரம்பரை என்ற குத்துச்சண்டைப் பரம்பரைகள் நிஜமாகவே இருந்தன. அந்த வரலாற்றின் மேல் கட்டிய கதை. கபிலன் துறைமுகத்துக் கூலி. வேம்புலியோடு மோத சார்பட்டாவில் யாரை அனுப்புவது என்பதிலேயே முதல் சண்டை வந்துவிடும். ராமனின் மாமா தணிகைக்குக் கபிலன் மேடையேறுவதே பிடிக்காது. ஆக, எதிராளியின் குத்துக்கு முன்னால் சொந்தப் பரம்பரையிலேயே கபிலன் ஒரு சுற்று ஆட வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்தப் பெரிய சண்டை. கபிலன் ஜெயிக்கப் போகிறான் என்று தெரிந்ததும் கலாட்டா. அதே நேரத்தில் போலீஸ் உள்ளே வருகிறது. மாநில அரசைக் கலைத்துவிட்டார்கள். 1976 ஜனவரி 31. நெருக்கடி நிலைக் காலம். ரங்கன் வாத்தியார் தி.மு.க.காரர் என்பதால் அவரைக் கைது செய்து கொண்டுபோகிறார்கள். யோசித்துப் பாருங்கள். கபிலன் ஜெயித்தானா தோற்றானா என்பதை அங்கே நடுவர் முடிவு செய்யவில்லை. டெல்லியில் போட்ட ஒரு கையெழுத்து முடிவு செய்தது. அந்த ஒரு கையெழுத்தால் வாத்தியார் ஜெயிலுக்குப் போனார். கபிலன் சாராய வியாபாரத்துக்குப் போய்ச் சீரழிந்தான். ஒரு ஆட்டக்காரனுடைய நல்ல வருடங்கள் ரொம்பக் கொஞ்சம். அதில் இரண்டு மூன்றை அரசியல் தின்றுவிட்டால் அதைத் திருப்பித் தர எந்த ஆட்சியாலும் முடியாது.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், ரங்கன் வாத்தியாரும் அரசியல்காரர்தான் என்பதை ஒளிக்காமல் காட்டியது. கறுப்பு சிவப்பு இல்லாமல் அவர் இல்லை. விளையாட்டில் அரசியலே கூடாது என்று பேச்சுப் போட்டியில் நாம் பேசுகிறோமே, அது அவ்வளவு நேரான விஷயம் இல்லை. கூலிக்காரப் பையனுக்கு மேடை கிடைத்ததும் ஒரு அரசியலால்தான். அந்த மேடை உடைந்ததும் ஒரு அரசியலால்தான். எந்த அரசியல் யாருக்காக நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெண்கள் ஆடும் படங்களில் அந்த அறை இன்னும் பெரிதாக வரும். 2007-ல் வந்த இந்திப் படம் 'சக் தே இந்தியா'. பெண்கள் ஹாக்கி அணியை உலகக் கோப்பைக்கு அனுப்பவே சம்மேளனத்துக்கு மனசில்லை. கோச் கபீர் கான் ஒரு பந்தயம் கட்டுவார்: ஆண்கள் அணியோடு எங்கள் பெண்கள் ஆடட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெண்கள் அந்த ஆட்டத்தில் தோற்றுப்போகிறார்கள்! ஆனால் ஆடிய விதத்தைப் பார்த்து அனுப்பச் சம்மதிக்கிறார்கள். நண்பர்களே, இதில் இருக்கும் அநியாயத்தைக் கவனித்தீர்களா? ஆண்கள் அணி உலகக் கோப்பைக்குப் போவதற்கு முன்னால் யாரிடமாவது இப்படிப் பரீட்சை எழுதியதா? உள்ளே நுழைவதற்கே ஒரு தனி ஆட்டம் ஆட வேண்டியவர்கள் சிலர் மட்டும்தான். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2016-ல் சுதா கொங்கரா எடுத்த 'இறுதிச்சுற்று'ம் அப்படித்தான். மாதவன் பயிற்சியாளர். மீன் விற்கும் மதியாக ரித்திகா சிங். அவர் நிஜத்திலும் சண்டை விளையாட்டு வீராங்கனை, இந்தப் படத்துக்காகத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பும் பெற்றார். சங்கத்தில் உட்கார்ந்திருக்கும் தேவ் கத்ரி என்கிற ஆள்தான் வில்லன். பிடிக்காத பயிற்சியாளர் மேல் பொய்ப் புகார் போட்டுச் சென்னைக்கு மாற்றுவது, பெண்களிடம் தப்பாக நடப்பது, மதி ஜெயித்ததும் 'என்னால்தான்' என்று கேமரா முன்னால் வந்து நிற்பது, எல்லாம் அந்த ஆள்தான். கடைசியில் மதி அவன் முகத்தில் ஒரு குத்து விடுவாள். தியேட்டரே எழுந்து நின்ற இடம் என்று எங்க சீனியர்கள் சொல்வார்கள். நானும் போனில் பார்த்தபோது கத்தினேன்.

ஆனால் கொஞ்சம் ஆறிய பிறகு யோசித்தால், சினிமா நமக்கு ஒரு சலுகை கொடுக்கிறது என்று புரிகிறது. அதிகாரத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிடுகிறது. முகம் இருந்தால் குத்தலாம். நான் பார்த்த அதிகாரத்துக்கு முகம் இல்லை, அது பாட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு தாள். அதை எங்கே குத்துவது?

இதற்கு 'தங்கல்' படத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. 2016 டிசம்பரில் வந்தது. ஹரியானாவின் போகாட் சகோதரிகளின் கதை. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் கீதா போகாட் தங்கம் வாங்கியது நிஜம். ஆனால் படத்தில் ஒரு பொறாமை பிடித்த கோச், இறுதி ஆட்டத்தன்று அப்பாவை ஒரு அறையில் பூட்டி வைப்பார். அது கற்பனை. அப்படி எதுவும் நடக்கவில்லை. கடைசி நொடிவரை இழுக்கும் அந்த இறுதி ஆட்டம்கூட நிஜத்தில் கீதாவுக்கு ஒருதலையாகவே முடிந்தது. படத்துக்கு ஒரு வில்லன் வேண்டும், ஒரு கோச்சை வில்லனாக்கிவிட்டார்கள்.

நிஜமான ஆட்டம் அதற்கு ஆறு வருடம் கழித்துத் தொடங்கியது. 2023 ஜனவரியில் கீதாவின் சித்தப்பா மகள் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மல்யுத்த சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். அவர் மேல் பாலியல் தொல்லைப் புகார். அவர் மறுத்தார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறந்த அதே நாளில், ஊர்வலம் போக முயன்ற வீராங்கனைகளைப் போலீஸ் தரையில் இழுத்து வண்டியில் ஏற்றியதை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். டிசம்பரில் சம்மேளனத் தேர்தல் நடந்தது. பழைய தலைவருக்கு நெருக்கமானவரே ஜெயித்தார். அன்றைக்கு சாக்ஷி மாலிக், 2016 ரியோ ஒலிம்பிக்கில் நாட்டுக்கு வெண்கலம் வாங்கித் தந்தவர், தன் ஷூவைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு 'இனி ஆட மாட்டேன்' என்று அழுதுகொண்டே எழுந்து போனார்.

இதை எந்த டைரக்டரும் எழுதவில்லை. இதில் பின்னணி இசை இல்லை. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவருக்கே அந்த அறைக்குள் ஒரு ஓட்டு கிடையாது என்றால், மண் தரையில் இரண்டு ரெய்டு போன பையன் எங்கே?

இது நம் நாட்டுச் சமாசாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சீனியர் அண்ணன் ஒருவர் பென்டிரைவில் கொடுத்த ஒரு அமெரிக்கப் படம், 'எய்ட் மென் அவுட்'. 1988-ல் ஜான் சேல்ஸ் இயக்கியது. கீழே ஓடும் ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் படித்துத்தான் பார்த்தேன். பேஸ்பால் விதிகள் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. கதை மட்டும் நன்றாகப் புரிந்தது! 1919-ல் சிகாகோ அணியின் எட்டு ஆட்டக்காரர்கள் மேல், சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு இறுதித் தொடரில் தோற்கச் சம்மதித்ததாகக் குற்றச்சாட்டு வந்த நிஜச் சம்பவம். அணியின் முதலாளி காமிஸ்கி பணத்தைக் கெட்டியாகப் பிடிப்பவர் என்று படம் காட்டுகிறது. முப்பது ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தால் போனஸ் என்று சொன்ன பந்து வீச்சாளரை, இருபத்தொன்பதோடு உட்கார வைத்துவிட்டு, 'முப்பது ஆகலையே' என்பார் முதலாளி. எங்க அப்பா மண்டியில் இதே கணக்கைப் பல தடவை பார்த்திருக்கிறார்!

1921-ல் நீதிமன்றம் விசாரணைக்கு வந்த ஆட்டக்காரர்களை விடுதலை செய்தது. ஆனால் விளையாட்டின் புதிய ஆணையர் எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை போட்டுவிட்டார். பணம் வாங்கியது தப்புதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முதலாளிக்கு எந்தத் தண்டனையும் இல்லை. பெரும் பணம் பார்த்த சூதாட்டத் தலைவனுக்கும் இல்லை. ஆடியவர்கள் மட்டும் போனார்கள். அந்தத் தடையை நீக்கியது எப்போது தெரியுமா? 2025 மே மாதம். எட்டுப் பேரும் செத்துப் பல பத்தாண்டுகள் ஆன பிறகு!

இத்தனையும் படித்துவிட்டு, 'அப்படியானால் ஆடி என்ன பயன்?' என்று யாராவது கேட்கலாம். அவர்களுக்கு 2025 அக்டோபரில் வந்த மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' படத்தைச் சொல்வேன். தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் அவர் இருந்தார். 1995-க்கான அர்ஜுனா விருதும் வாங்கினார். படத்தில் துருவ் விக்ரம் ஆடும் கிட்டானைவிட, பசுபதி நடித்த அப்பாதான் என்னை அழ வைத்தார். மகன் தோற்றுவிடுவானோ என்ற பயம் அந்த அப்பாவுக்கு இல்லை. மகன் ஆடப் போனால் சாதிச் சண்டையில் எவனாவது வெட்டிவிடுவானோ என்ற பயம். தேர்வுக் குழுவுக்கும் முன்னால், வீட்டு வாசலில் இருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஒரு ஆட்டம் இருக்கிறது என்று அந்தப் படம் காட்டியது.

கணேசன் போய்ச் சேர்ந்தார். அதற்கு அவருடைய கால்கள் மட்டும் காரணம் இல்லை. கதையில் வருவது போல ஒரு பி.டி. வாத்தியார், ஒரு நல்ல மனிதர், ஒரு சரியான நேரம் எல்லாம் சேர வேண்டியிருந்தது. இப்படி அதிர்ஷ்டத்தால் ஒருவர் வருவது பெரிய விஷயம்தான். ஆனால் ஒழுங்கான ஏற்பாடு இருந்தால் அதிர்ஷ்டம் தேவைப்படாது அல்லவா? எந்திரத்தை ஓட்ட ஒவ்வொரு நாளும் அதிர்ஷ்டம் வேண்டும் என்றால் அந்த எந்திரத்தில் எங்கோ பழுது இருக்கிறது என்றுதானே நாம் ஒர்க் ஷாப்பில் படிக்கிறோம்?

சட்டம் மெதுவாக நகர்கிறது. 2016-ல் லோதா குழுவின் பரிந்துரைகளை ஏற்று உச்ச நீதிமன்றம், அமைச்சர்களும் எழுபது வயதைத் தாண்டியவர்களும் கிரிக்கெட் வாரியப் பதவியில் இருக்கக் கூடாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. சங்கங்களின் நிர்வாகக் குழுவில் சிறந்த வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும், தகராறுகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்கிறது அது. நல்லதுதான். ஆனால் அதிலும் அரசுப் பணம் வாங்கும் அமைப்புகளுக்கு மட்டும்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தும் என்று வைத்துவிட்டார்கள். எல்லாத் தாளையும் நாம் பார்க்க இன்னும் வழியில்லை.

சரி, டெல்லியை விடுங்கள். நம்மால் என்ன முடியும்? எனக்குத் தெரிந்து நம்மால் முடிந்தது தாளைப் படிப்பது. எங்க வீட்டில் எனக்கு முன்னால் யாரும் ஒரு சர்க்குலரைப் படித்ததில்லை. "என்னமோ பேப்பர் ஒட்டியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் நின்றபோதுதான் நான் தாளின் பாஷையைக் கற்றுக்கொண்டேன். தேதி எங்கே இருக்கும், யார் கையெழுத்து வேண்டும், ஒப்புகைச் சீட்டை ஏன் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. தங்கச்சி ஒன்பதாவது படிக்கிறாள். குண்டு எறிவாள், நல்ல கை. "டேப் பொய் சொல்லாதுல்ல அண்ணே, எத்தனை மீட்டரோ அத்தனை மீட்டர்தான்" என்கிறாள். உண்மைதான். ஆனால் டேப் பிடிக்கும் இடத்துக்குப் போகவே ஒரு பட்டியலில் பேர் வேண்டுமே. அதனால் அவள் பள்ளிக்கு வரும் விளையாட்டுச் சுற்றறிக்கைகளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நான் படித்துத் தேதியைக் குறித்து அம்மாவிடம் சொல்கிறேன். போன மாதம் ஒரு தேர்வுக்கு நாங்கள்தான் முதல் ஆளாகப் போய் நின்றோம்.

நம் கல்லூரியிலும் ஒன்று செய்யலாம். பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான மண்டலப் போட்டிக்கு வருடா வருடம் அணி எடுக்கிறோம். இனிமேல் தேர்வு நடக்கும் தேதியைப் பத்து நாளுக்கு முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். தேர்வுக்கு வந்த எல்லோருடைய பேரையும், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பதையும், அணியில் வராதவர்களையும் சேர்த்து, அன்று சாயங்காலமே ஒட்ட வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம். பதினாறு பேர் கையெழுத்துப் போட்டு உடற்கல்வி சாரிடம் போனோம். சார் கோபப்படவில்லை. "நல்ல யோசனைதான்ப்பா, பேரவை மூலமா எழுதிக் குடுங்க, செஞ்சிடலாம்" என்றார்.

மனு இப்போது பேரவைச் செயலாளரிடம் இருக்கிறது. முதலாமாண்டுத் தம்பி தங்கைகளும் படித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் கையெழுத்துப் போடலாம். பதினாறாவது பேருக்குக் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறோம்.

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை